பத்தாவது குழி

அவளிடம் மணி கேட்டால்கூட நேராகப் பதில் வராது.

"என்ற வாச்சுல பத்தரைங்க" என்பாள். எதிரே சுவரில் கடிகாரம் தொங்கும். அதிலும் பத்தரைதான். அதைக் காட்டினால், "செவுத்துலயும் பத்தரைதானுங்க காட்டுது. ரெண்டும் ஒண்ணாத் தப்பாவும் இருக்கலாமில்லீங்க?" என்பாள். கிண்டல் இல்லை. முகத்தில் சிரிப்பே இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதம் சேர்ந்தோம். நான் கொடுமுடிக்காரி. அவள் தாராபுரத்துக்குப் பக்கம், ஆடும் மாடும் தோட்டமுமாக இருந்த குடும்பம். ஒரே வயது, ஒரே வழிகாட்டி, ஒரே மேசை. மூன்று வருடமும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். கோபம் வந்து கத்தும்போதுகூட 'ங்க' விட்டுப்போகாது. எங்கள் பக்கத்தில் சண்டையும் மரியாதையாகத்தான் நடக்கும்.

எங்கள் வேலை குருத்தெலும்பில். ஆட்டுக்கால் சூப்பில் மூட்டுமுனையில் வழுவழுவென்று வெள்ளையாக ஒட்டியிருக்குமே, கடித்தால் நறுக்கென்று வரும், அதுதான். அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. அதற்குள் செல்கள் தனித்தனியாகக் குழிகளில் உட்கார்ந்திருக்கும். சுற்றியிருக்கும் கெட்டியான பொருளை அந்தச் செல் எதைக்கொண்டு பிடித்துக்கொள்கிறது? நாம் நடந்தால், குதித்தால், அந்த அழுத்தம் அதற்கு எப்படித் தெரிகிறது? செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் கை என்று சொன்னார்கள். அந்தக் கைகளில் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து, இதுதான் என்று அடையாளம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் டாக்டர் பட்டம்.

'இதுதான்' என்று சொல்ல வேண்டிய வேலைக்கு அவளைப் பிடித்துப் போட்ட புண்ணியவான் எங்கள் சார்.

வாரம் ஒருமுறை உக்கடம் பக்கம் ஒரு பாயின் கறிக்கடைக்குப் போய் முழங்கால் மூட்டு வாங்கி வருவோம். நான் போனால் ஐந்து நிமிட வேலை. அவள் வந்தால் விசாரணைக் கமிஷன்.

"எத்தன மணிக்குங்க அறுத்தீங்க?"

"காலைல அஞ்சுக்குங்க அம்மணி."

"ஆட்டுக்கு என்ன வயசுங்க?"

"ஒரு வருசம். எளங்குட்டிங்க."

அவள் பலகையில் கிடந்த ஆட்டுத்தலையை எடுத்து, வாயைப் பிளந்து, கீழ்ப்பல் வரிசையை விரலால் தடவிப் பார்ப்பாள். "நாலு பல்லு உழுந்து மொளச்சிருக்குதுங்க பாய். ரெண்டு வருசம் இருக்கலாமுங்க. இது வேண்டாம்."

"இந்தத் தல அந்தக் காலோடதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று பாய் ஒருநாள் கேட்டார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் அந்தக் கேள்வியை மதித்தாள். பத்து எண்ணும் நேரம் யோசித்தாள். "நியாயந்தானுங்க" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து ஆட்டை அறுக்கும்போதே போய் நின்று, தலைக்கும் காலுக்கும் ஒரே நிற நூலைக் கட்டிவிட்டு வந்தாள். விடிவதற்கு முன்னால், டவுன் பஸ் பிடித்துப் போய். பாய் அவளுக்குப் 'பல்லுப் பாக்கற அம்மணி' என்று பேர் வைத்தார். "இந்த அம்மணிக்கு மாப்ள பாக்கறவன் பாவமுங்க. அவன் பல்லயும் எண்ணிப்போடும்" என்று என்னிடம் சொன்னார்.

அது பலித்தது. ஒரு சனிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். திங்கட்கிழமை வந்து, பனிக்கட்டிப் பெட்டியைக் கழுவிக்கொண்டே, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். "ஒருக்கா பாத்துட்டு எப்புடிங்க சொல்றது? இன்னொருக்கா வரச்சொல்லுங்க" என்றிருக்கிறாள். அதுவும், "வேற சட்ட போட்டுட்டு வரட்டுங்க" என்று சேர்த்து. வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

"எதுக்குங்க வேற சட்ட?" என்று கேட்டேன்.

"அந்தச் சட்டைனால நல்லாத் தெரிஞ்சாரோ என்னமோங்க. ஒண்ண மாத்திப்போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளும் கடைசியில் கொஞ்சம் சிரித்தாள். அவளைப் பிடிக்காமல் இருக்க முடியாது, அதுதான் தொல்லை. விடுதியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கையே சூடாக இருந்தாலும் இருக்கும் என்று அதைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து மறுபடி தொட்டுப் பார்த்தவள் அவள். ரசம் சாதம் கரைத்து ஊட்டியவளும் அவள்தான்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மூட்டிலிருந்து செல்களைப் பிரித்து, சவ்வை எடுத்துக் கொடுப்பது அவள் பாகம். அந்தச் சவ்வுக் கரைசலிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது என் பாகம். பிளேடால் குருத்தெலும்பைச் சீவிச் சீவி, நொதிக் கரைசலில் ஊறப்போட்டு, செல்கள் பிரிந்து வந்ததும் அவள் உடனே தரமாட்டாள். "கட்டுமானத்த அரிச்ச நொதி, செல்லோட மேலையும் கொஞ்சம் அரிச்சிருக்குமுங்க. தேறட்டும்" என்று ஊட்டக் கரைசலில் விட்டுவைப்பாள். மற்ற இடங்களில் இரண்டு நாள் விடுவார்கள். இவளுக்கு மூன்று நாள். அந்த மூன்றாவது நாளில் மின்சாரம் போய், எல்லாம் கெட்டு, மறுபடி பாய் கடைக்குப் போன வாரங்கள் எத்தனை! சவ்வைத் தனியே பிரிக்கிற அதிவேகச் சுழலி வேறொரு கல்லூரியில் இருந்தது, அது எங்களுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். வியாழனை விட்டால் ஒரு வாரம் போச்சு. மூன்று வருடத்தில் பாதி வியாழக்கிழமைகளை நான் அழுதே கழித்தேன்.

சவ்வுப் புரதத்தைப் பிடிக்க நாங்கள் செய்த வழி இதுதான். பயோட்டின் என்று ஒரு வைட்டமின். செல் உயிரோடு இருக்கும்போதே அதை வெளியிலிருந்து ஒட்டவைப்போம். உள்ளே போக முடியாத மாதிரி செய்து வைத்த பயோட்டின் அது. ஆகவே வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களில் மட்டும் ஒட்டும். அப்புறம் செல்லை உடைத்து, புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, வெள்ளைத்தாள் ஒன்றுக்கு மாற்றி, பயோட்டின் இருக்கிற இடம் மட்டும் ஊதா நிறமாகிற ஒரு மருந்தை ஊற்றுவோம். ஊதாக் கோடு தெரிந்தால் அது வெளியே இருந்த புரதம். கேட்க எவ்வளவு சுலபம்!

ஜெல்லின் மேல்விளிம்பில் பத்துக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டுக் கரைசலை இறக்கி, மின்சாரம் விட்டுக் கீழே ஓட்ட வேண்டும். முதல் குழியில் எடை காட்டும் அளவுகோல். மீதி ஒன்பது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அந்தக் கோடு வந்தது. நூற்றுமுப்பது என்கிற எடையில், பட்டையாக, அழுத்தமாக, பேனாவால் இழுத்தது போல. நான் அறையில் ஆடினேன் என்றே சொல்லலாம். அந்த எடையில், குருத்தெலும்புச் செல் சுற்றுப்புறத்தைப் பிடித்துக்கொள்ளும் கை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த புரதம் ஒன்று உண்டு. எல்லாம் பொருந்தி வந்தது. தாளை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க. பயோட்டின் போடாத செல்லுல இந்தக் கோடு வராதுங்களா?"

"எப்புடிங்க வரும்? போட்டாத்தானே வரும்?"

"வராதுதானுங்க. இருந்தாலும் ஒரு குழில அதையும் ஓட்டிப்போடுங்களேன், அம்மணி."

அன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. செல்கள் கெடாமல் தேறி வந்த ஒவ்வொரு தடவையும் அவற்றில் ஒரு பங்கைப் பயோட்டின் போடாமல் தனியே எடுத்து, மற்றதற்குச் செய்த அத்தனையும் அதற்கும் செய்து, சின்னக் குழாயில் அடைத்து, மூடியில் ஒரு பூஜ்யம் எழுதி என்னிடம் கொடுத்தாள். இரட்டை வேலை. ஆனால் சாருக்கு இளங்குட்டி, கிழட்டு ஆடு, நொண்டி ஆடு என்று எல்லாவற்றையும் ஒரே ஜெல்லில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பது குழியும் எனக்கே போதவில்லை. பத்தாவது குழியைத்தான் அவள் கேட்பாள். பத்தாவதில் எப்போதும் இன்னோர் ஆடு வந்து உட்கார்ந்துகொள்ளும். பூஜ்யம் எழுதிய குழாயை நான் உறைபெட்டியில் பின்னால் தள்ளிவிடுவேன்.

நான் சோம்பேறி அல்ல. பயந்தவள். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. உதவித்தொகை வருகிறவரை படி, நின்ற மாதம் ஊருக்கு வந்து மாமன் மகனைக் கட்டிக்கொள் என்று அண்ணன் சொல்லியிருந்தான். மாமன் மகனுக்கு நாற்பதை நெருங்கும். முதல் தாரம் செத்து மூன்று வருடம். அந்த வருட முடிவில் உதவித்தொகை நிற்க இருந்தது. சார் நினைத்தால் ஒருவருக்கு மட்டும் ஒரு வருடம் நீட்டித்து வாங்கித் தரலாம். அதற்கு அவருக்குக் காட்ட ஒரு கோடு வேண்டும். கோடு கிடைத்துவிட்டது. அதைப் போய் ஏன் கிண்ட வேண்டும்?

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அவள் பத்தாவது குழியைக் கேட்டபோது நான் வெடித்துவிட்டேன்.

"உங்களுக்கு எதுவுமே முடியக்கூடாதுங்க. முடிஞ்சா ஊட்டுக்குப் போய் வாழோணுமே, அந்தப் பயம். உங்க பயத்த என்ற தலைல கட்டாதீங்க!"

மாப்பிள்ளைக் கதையை எனக்குச் சிரிப்புக்குச் சொன்னவள் அவள். அதையே எடுத்துக் குத்தினேன். அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "செரீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் கேட்கவே இல்லை. ஆனால் குழாய் மட்டும் வந்துகொண்டிருந்தது. பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். நானும் பேசாமல் உறைபெட்டிக்குள் தள்ளுவேன். எரிச்சல் தீரவில்லை, கூடியது. அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தாலாவது இன்னொரு முறை கத்தியிருக்கலாம்.

சார் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு வடக்கே ஒரு மாநாட்டுக்குப் போனார். பெரிய கூட்டம். இதுதான் அந்தப் புரதம் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். பயோட்டின் போடாத செல்லில் இந்தக் கோடு வருகிறதா? சார் முழித்திருக்கிறார். பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த அன்றே ஓட்டச் சொன்னார். செல் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. உறைபெட்டியின் பின்பக்கம் பதினோரு குழாய்கள், பதினோரு பூஜ்யங்கள். நான் ஜெல் ஊற்றினேன், அவள் பக்கத்தில் நின்றாள். மறுநாள் மதியம் மருந்தை ஊற்றி வெள்ளைத்தாளைத் தட்டில் ஆட்டிக்கொண்டிருந்தோம். முதலில் பயோட்டின் போட்டதில் ஊதா நிறம் வந்தது. பிறகு, பக்கத்திலேயே, பயோட்டின் போடாததிலும் வந்தது. அதே இடம். அதே பட்டை. அதே அழுத்தம்.

செல்லுக்குள்ளேயே ஒரு நொதி பயோட்டினைத் தன் வேலைக்காகவே சுமந்துகொண்டு இருக்கிறது. நாங்கள் ஒட்டவைத்தது அல்ல, பிறவியிலேயே அதனிடம் இருப்பது. சவ்வு எடுக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடுகிறது. எடையும் ஏறக்குறைய அதுவே. கைக்கும் சவ்வுக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்றை எட்டு மாதம் கொண்டாடியிருக்கிறேன்.

"ஒரு ஜெல்லுல பாத்து எப்புடிங்க சொல்றது" என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். எனக்காகச் சந்தேகப்படப் பார்த்தாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் கேட்ட பத்தாவது குழியில், முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் எட்டு மாதத்தில் வேறு ஒன்றைத் தேடியிருக்கலாம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்றாவது சொல்லிக்கொள்ள முடியாது. தாழிக்குள் வெண்ணெயே இல்லை.

சார் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை.

"நீட்டிப்புக்கு ஒருத்தர் பேரைத்தான் அனுப்ப முடியும்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். பயோட்டின் போடாததை ஓட்ட வேண்டாம்னு முடிவு பண்ணது யார்?"

நான்தான் என்று சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன்.

"நாந்தானுங்க சார்" என்றாள் அவள். "அவங்க ஓட்டறேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

'இருக்கலாமுங்க' இல்லை. 'என்னமோங்க' இல்லை. 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்' இல்லை. மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படி அறுத்து முறித்த வாக்கியம் ஒன்றை நான் கேட்டதே இல்லை. சாரும் கேட்டதில்லை. அதனால்தான் நம்பினார். நோட்டைக் கொண்டுவா என்று கேட்கவில்லை, உறைபெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அவள் ஒன்றைத் தீர்த்துச் சொல்கிறாள் என்றால் அதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? "உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கல" என்று மட்டும் அவளிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ போய் வேலையைப் பார்" என்றார்.

நான் போய் வேலையைப் பார்த்தேன்.

நீட்டித்த அந்த ஒரு வருடத்தில் அந்தப் பட்டைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, பயோட்டின் போடாததில் வராத ஒரு மெல்லிய கோட்டைப் பிடித்தேன். மூன்று முறை, நான்கு முறை, அவள் கேட்பது போலவே நானே கேட்டுக் கேட்டு ஓட்டினேன். பட்டம் வந்தது. மாமன் மகன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். துடியலூரில் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றி சொன்னவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏழாவது. ஏழாவது! அதற்குமேல் ஏற்றினால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

அவள் தாராபுரம் பக்கம் ஒரு பால் கொள்முதல் நிலையத்தில் பரிசோதனை வேலைக்குப் போனாள் என்று கேள்வி. ஒரே பாலை மூன்று முறை சோதிக்கிறாள், கேன்காரர்கள் வெயிலில் நின்று திட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கேட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

அவள் கிளம்பிய நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூடப் போனேன். ஒரு சூட்கேஸ், ஒரு பை. தாராபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. போர்டு போட்டிருந்தும் கண்டக்டரிடம் ஒருமுறை, டிரைவரிடம் ஒருமுறை, தாராபுரம்தானா என்று கேட்டுக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "யாருங்க கேட்டா உங்கள? நீங்க வேண்டாம்னு எப்பங்க சொன்னீங்க? நான் பாவி ஆயிட்டனே!"

கத்தினேன் என்று நினைக்கிறேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றி வரவில்லை. அவள் படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கி வந்தாள். என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

"அஞ்சு மாசம் நான் கேக்காம உட்டனுங்க. கெட்டியாக் கேட்டிருக்கோணும். கேக்காம உட்டதும் வேண்டாம்னு சொன்னதும் ஒண்ணுதானுங்களே?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதும் போக, வாயாலயே வேண்டாம்னு நான் என்னைக்காச்சும் சொல்லியிருப்பனோ என்னமோ. சொல்லவே இல்லைன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுங்களா, அம்மணி?"

பஸ் உறுமத் தொடங்கியது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு சந்தேகத்தை நான் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போக வேண்டும் என்பதற்காகவே கேட்டாள்.

"தெரியலீங்க" என்றேன்.

"அப்பறமென்னுங்க" என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

எனக்குத் தெரியும். அன்றும் தெரியும்.